குழம்புக் கிண்ணமும் சாட்சியும்: சாதாரண விசுவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். போதகரும் இல்லை, இறையியல் படித்தவளும் இல்லை. எங்கள் சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் வாலிபர் கூட்டத்திலும் ‘சாட்சியுள்ள வாழ்க்கை’ (நம் விசுவாசத்தை வாழ்ந்து காட்டுவது) என்று ஒரு தலைப்பைக் கொடுத்து அவ்வப்போது பேசச் சொல்வார்கள். பேசி முடித்து டீ குடிக்கும்போதுதான் உண்மையான கேள்விகள் வரும். வருடா வருடம் ஏறக்குறைய அதே கேள்விகள். அவற்றைத்தான் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். பதில்கள் என்னுடையவை. உங்கள் ஐயரோ பாஸ்டரோ ஃபாதரோ சில இடங்களில் வேறு மாதிரி சொல்லலாம், அவர்களையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கைப்பிரதி கொடுக்கவும் தெருமுனையில் நின்று பேசவும் எனக்கு வராது. அப்படியென்றால் நான் சாட்சி இல்லாத கிறிஸ்தவளா?

இல்லை. எபேசியர் 4:11-ல் பவுல் ‘சிலரைச் சுவிசேஷகராகவும்’ என்றுதான் எழுதுகிறார். அந்தச் ‘சிலரை’ என்ற சொல்லை நாம் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். எல்லாருக்கும் சொல்லப்பட்டது வேறு. உங்களிடம் இருக்கிற நம்பிக்கையைப் பற்றி விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று 1 பேதுரு 3:15 சொல்கிறது. ஒருவர் விசாரித்துக் கேட்க வேண்டுமென்றால், கேட்கத் தோன்றும்படி எதையாவது அவர் நம்மிடம் பார்த்திருக்க வேண்டும்.

அப்போஸ்தலர் 9-ம் அதிகாரத்தில் வரும் யோப்பா பட்டணத்துத் தபீத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். தொற்காள் என்றும் பெயர். அவர் பேசியதாக ஒரு வரிகூட அந்த அதிகாரத்தில் இல்லை. அவர் இறந்ததும் விதவைகள் பேதுருவைச் சூழ்ந்து நின்று அழுதுகொண்டே, அவர் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் எடுத்துக் காட்டினார்கள். வேதம் அவரைச் ‘சீஷி’ என்று அழைக்கிறது.

என் மாமியார் ஆராதனையில் ஜெபம் பண்ணச் சொன்னால்கூட வேர்த்துப் போவார்கள். ஆனால் எங்கள் தெருவில் எந்த வீட்டில் பிரசவம் ஆனாலும் பச்சைப்பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட அவர்களைத்தான் கூப்பிடுவார்கள். சாதி, மதம் எதுவும் பார்த்ததில்லை. அவர்களுடைய அடக்கத்துக்கு வந்தவர்களில் பலர் எங்கள் தேவாலயத்துக்குள் கால் வைத்ததே அன்றைக்குத்தான். ஓர் அம்மா தன்னோடு வந்த வளர்ந்த மகனைக் காட்டி, “இவனையும் பெரியம்மாதான் குளிப்பாட்டி விட்டாங்க” என்றார். அப்போது எனக்குத் தபீத்தாளின் வஸ்திரங்கள்தான் நினைவுக்கு வந்தன.

கிறிஸ்தவர்கள் உதவி செய்வதே மதம் மாற்றத்தான் என்கிறார்களே. அதற்கு என்ன பதில்?

கோபப்படாமல் கேட்டுக்கொள்வதுதான் முதல் பதில். அந்தச் சந்தேகம் ஒன்றுமே இல்லாமல் முளைத்ததல்ல. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தின்போது திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் சபைகளில் சேர்ந்தார்கள். அவர்களைச் சோற்றுக்காக வந்தவர்கள் என்று அப்போதே ஏளனம் செய்தார்கள். எங்கள் குடும்பமும் அந்தக் கூட்டத்தில் வந்ததுதான் என்று வீட்டில் சொல்வார்கள். எனக்கு அதில் வெட்கம் இல்லை. பசித்தவன் சோறு கொடுத்த கையைப் பார்த்து, ‘இவர்களுடைய சாமி யார்?’ என்று கேட்டால் அது மனித இயல்பு. கொடுத்தவர், ‘ஞானஸ்நானம் எடு, அப்புறம் சோறு’ என்று சொல்லியிருந்தால் வெட்கம் அவரைச் சேர்ந்தது.

இயேசு என்ன செய்தார் என்று பாருங்கள். லூக்கா 17-ல் பத்துக் குஷ்டரோகிகள் சுகமானார்கள், ஒருவன் மட்டும் திரும்பி வந்தான். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று கேட்டார். அவர்களுடைய சுகத்தை அவர் பிடுங்கிக்கொள்ளவில்லை. யோவான் 6-ல் ஐயாயிரம் பேர் அப்பம் சாப்பிட்டார்கள். மறுநாள் அவருடைய பேச்சு கடினமாக இருக்கிறது என்று பலர் விட்டுப் போனார்கள். சாப்பிட்டதற்குக் கணக்குக் கேட்டாரா?

நான் எனக்கே வைத்துக்கொள்ளும் சோதனை ஒன்று உண்டு. இந்த வீட்டார் ஒருநாளும் சபைக்கு வரப்போவதில்லை என்று இன்றைக்கே எனக்கு உறுதியாகத் தெரிந்தால், நாளைக் காலையிலும் அவர்களுக்கு இட்லி கொண்டு போவேனா? ‘போவேன்’ என்றால் சரி. மனது கொஞ்சம் தயங்கினால், அந்த இட்லிக்குள் தூண்டில்முள் இருக்கிறது என்று அர்த்தம்.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவு தன் மதத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு விளக்கம் கொடுத்தது: தன் மதக் கொள்கைகளை எடுத்துச் சொல்வது உரிமை, இன்னொருவரை மதம் மாற்றுவது அடிப்படை உரிமையாகாது. தமிழ்நாட்டில் 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, 2004-ல் விலக்கிக்கொள்ளப்பட்டது. வேறு பல மாநிலங்களில் இப்படிப்பட்ட சட்டங்கள் இருக்கின்றன. ஆசை காட்டி மாற்றுவதை அவை குற்றம் என்கின்றன. அந்தச் சட்டங்கள் பயன்படுத்தப்படும் விதத்தைப் பற்றி எனக்கு மனவருத்தங்கள் உண்டு. ஆனால் ஆசை காட்டக் கூடாது என்பதைச் சட்டம் வந்து நமக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கக் கூடாது.

அப்படியென்றால் இயேசுவைப் பற்றி எப்போதுதான் சொல்வது?

கேட்கும்போது. கேட்பார்கள், ஆனால் நாம் நினைக்கிற நேரத்தில் கேட்க மாட்டார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் கணவருக்கு நெஞ்சுவலி வந்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். பதினோரு நாள் அவர்களுடைய இரண்டு பிள்ளைகளும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்கள், படுத்தார்கள். மூத்தவளுக்கு அப்போது பரீட்சை. அந்தப் பதினோரு நாளில் ‘இயேசு’ என்ற பெயரை அக்காவிடம் நான் எடுக்கவே இல்லை. நல்ல வாய்ப்பை விட்டுவிட்டேன் என்று சபையில் ஒருவர் கடிந்துகொண்டார். அடுத்த வருடம் ஒருநாள் மொட்டைமாடியில் வற்றல் காயப் போட்டுக்கொண்டிருந்தோம். அக்கா சாதாரணமாகக் கேட்டார்: “டீச்சர், கூடப் பிறந்தவங்களே அந்த நேரம் வரல. நீங்க எதுக்காகச் செஞ்சீங்க?”

முப்பது வருடம் ஞாயிறு பள்ளி நடத்தியவள், திணறிப் போனேன். “எனக்கும் ஒருத்தர் கணக்குப் பார்க்காமல் செய்திருக்கிறார் அக்கா, அவருக்குத் திருப்பிச் செய்ய வழியில்லை, அதனால் உங்களுக்குச் செய்கிறேன்” என்றேன். “யேசு சாமியா?” என்றார். “ஆமாம்” என்றேன். அவ்வளவுதான். பிறகு வற்றலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டோம்.

அந்த நேரத்தில் சொல்வதற்கு ஒரு குறிப்பு: சபைத் தமிழை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். ‘அபிஷேகம்’ என்றால் அவர்களுக்குப் பால் அபிஷேகம்தான் ஞாபகம் வரும். எங்கள் சபைத் தம்பி ஒருவன் தன் நண்பனிடம், “உன்னைப் பற்றி எனக்கு ரொம்பப் பாரமாயிருக்கிறது” என்று சொல்லியிருக்கிறான். உனக்காகக் கவலையோடு ஜெபிக்கிறேன் என்பது சபைத் தமிழில் அதற்கு அர்த்தம். அவன், “நான் என்னடா உனக்குப் பாரம்?” என்று ஒரு வாரம் பேசவில்லை.

“சுவிசேஷத்தை எப்போதும் சொல், தேவைப்பட்டால் வார்த்தையையும் பயன்படுத்து” என்று அசிசி பிரான்சிஸ் சொன்னாராமே?

அவருடைய எழுத்துகளில் அப்படி ஒரு வாக்கியம் கிடையாது. அவர் ஊர் ஊராகப் போய் வாய் திறந்து பிரசங்கித்தவர். அன்பு செய்தால் போதும், யார் கேட்டாலும் வாயே திறக்க வேண்டாம் என்று நினைப்பதும் ஒரு தப்பித்தல்தான். அக்கா கேட்டபோது, ‘சும்மா, மனிதாபிமானம்’ என்று சொல்லி நான் நழுவியிருந்தால் அது பொய்யாகியிருக்கும்.

உடம்பு சரியில்லாதவர்களைப் பார்க்கப் போகிறோம். ஜெபம் பண்ணலாமா?

கேட்டுவிட்டுப் பண்ணுங்கள். தனியாகக் கேளுங்கள். சொந்தக்காரர்கள் நாலு பேர் சுற்றி நிற்கும்போது கேட்டால், வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். தயங்கினால், “வீட்டில் வைத்து நினைத்துக்கொள்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். சரி என்றால் ஒரு நிமிடம் போதும். கண்ணை மூடிக்கொண்டு கடவுளிடம் பேசுகிற சாக்கில் நோயாளிக்குப் பிரசங்கம் பண்ணுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ‘ஆண்டவரே, இந்த மகள் உம்மை அறியாதிருக்கிறாள்’ என்று ஆரம்பிப்பார்கள். படுத்திருப்பவர் எழுந்து ஓடவா முடியும்?

ஜெபத்தைவிட ஃபிளாஸ்கில் வெந்நீர் அந்த இடத்தில் முக்கியமாக இருக்கலாம். கூட இருக்கிறவர் குளித்து இரண்டு நாள் ஆகியிருக்கும். “நீங்கள் வீட்டுக்குப் போய்க் குளித்து ஒரு மணி நேரம் தூங்கிவிட்டு வாருங்கள், நான் இருக்கிறேன்” என்று சொல்லிப் பாருங்கள், அவர் முகம் எப்படி மாறுகிறதென்று.

தீபாவளிப் பலகாரம், பொங்கல், பிரசாதம் கொடுக்கிறார்கள். வாங்கலாமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். அதிகமாகச் சண்டை வருவதும் இதில்தான்.

பவுல் 1 கொரிந்தியர் 8-லும் 10-லும் இதே பிரச்சினையைப் பேசுகிறார். விசுவாசியல்லாத ஒருவர் விருந்துக்கு அழைத்தால், முன்னால் வைப்பதை ஒன்றும் விசாரிக்காமல் சாப்பிடு என்கிறார். இது படைக்கப்பட்டது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால், அவர் நிமித்தம் சாப்பிடாதே என்கிறார். சாப்பாட்டைவிட எதிரே இருக்கிற ஆளைத்தான் பவுல் பெரிதாகப் பார்க்கிறார் என்று எனக்குப் படுகிறது. சபைக்குச் சபை இதைப் புரிந்துகொள்வதில் வித்தியாசம் உண்டு. பெந்தெகொஸ்தே சபைகளில் பலர் பண்டிகைப் பலகாரம் எதையுமே வாங்குவதில்லை. அது அவர்களுடைய மனசாட்சி, நான் குறை சொல்லப் போவதில்லை.

ஆனால் மறுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. பலகாரத்தை வாசலில் வாங்கி, கொடுத்தவர் திரும்பியதும் குப்பையில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் போகாது. குப்பை வண்டிக்காரருக்கும் வாய் உண்டு. அதைவிட, இரண்டு கையாலும் கும்பிட்டு, “படைத்தது நாங்கள் சாப்பிடுவதில்லை அக்கா, தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் கை அதிரசம் படைக்காதது இருந்தால் கொடுங்கள்” என்று முகம் பார்த்துச் சொல்லிவிடலாம். நான் அப்படிச் சொன்ன முதல் தீபாவளிக்கு அக்காவின் முகம் கொஞ்சம் வாடியது. அடுத்த தீபாவளிக்கு ஒரு தூக்குவாளியோடு வந்தார். “சாமிக்குப் படைக்கிறதுக்கு முன்னாடியே உங்களுக்கு எடுத்து வச்சிட்டேன் டீச்சர்” என்றார். இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது. என் மனசாட்சிக்காக அவர் தன் பூஜை நாளில் ஒரு வேலையைக் கூட்டிக்கொண்டிருக்கிறார். இந்தக் கணக்கில் யார் யாருக்கு அன்பு காட்டியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்பது நம் ஊர் வழக்கம். அந்த வாளியில் கிறிஸ்துமஸுக்கு முறுக்கும் அச்சு முறுக்கும் போகும், நடுவில் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பும் போகும். செவ்வாய், வெள்ளி, கார்த்திகை மாதம் பார்த்துத்தான் அனுப்புவோம்.

எப்போதும் நாம்தான் கொடுக்க வேண்டுமா?

இல்லவே இல்லை. எங்கள் கூட்டங்களில் இதைத்தான் யாரும் பேசுவதில்லை.

யோவான் 4-ல் இயேசு சமாரியப் பெண்ணிடம் சொல்லும் முதல் வார்த்தை, தண்ணீர் தா என்பது. அவர் கேட்கிறார், அவள் கொடுக்கிற இடத்தில் இருக்கிறாள். நல்ல சமாரியன் கதையிலும் உதவி செய்கிறவன் வெளியாள், அடிபட்டுக் கிடக்கிறவன்தான் நம்மவன். இந்தக் கதையை எத்தனையோ முறை ஞாயிறு பள்ளியில் நடித்துக் காட்டியிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் நம் பிள்ளைக்குச் சமாரியன் வேஷம்தான் கேட்போம்.

எப்போதும் கொடுக்கிற கை மேலே இருக்கும். வாங்குகிறவருக்கு அது கொஞ்ச நாளில் உறுத்தும். இதை நம் ஊர்க்காரர் ஒருவர் உலகத்துக்கே எடுத்துச் சொன்னார். வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1903-ல் இந்தியப் பணத்தில் இந்திய ஊழியர்களைக் கொண்டு நடக்கும் இந்திய மிஷனெரி சங்கத்தைத் திருநெல்வேலியில் தொடங்கியவர்களில் முக்கியமானவர். பின்னால் 1912-ல், இன்றைய தெலங்கானாவில் இருக்கும் தோர்ணக்கல்லின் பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்தான். 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில், அத்தனை வெள்ளைக்கார மிஷனெரிகள் முன்னால் பேசினார். ஏழைகளுக்காக உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் உடம்பையே கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். அங்கே இருந்தவர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. மருத்துவமனை கட்டிக் கொடுத்தவர், பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்தவர் எல்லாரும் இருந்த கூட்டம் அது. ஆனால் இந்தியரைத் தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்தவர்கள் அதில் எத்தனை பேர் என்பதுதான் அசரியாவின் கேள்வி.

அதே கேள்வியை இப்போது நம் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். மழையில் உடுப்பு எடுத்துக் கொடுப்பதற்குப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். அரைத் தம்ளர் சர்க்கரை கடன் கேளுங்கள். பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்றால் மாடி வீட்டு முஸ்லிம் தம்பியிடம் சொல்லித் தரச் சொல்லுங்கள்.

மற்ற மதத்தவர்களும் நம்மைவிட நன்றாகவே உதவி செய்கிறார்களே. அப்புறம் நம் சாட்சியில் என்ன தனி?

நல்ல கேள்வி. 2023 டிசம்பர் வெள்ளம் எங்கள் பகுதியில் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. சுமார் 800 பேர் அதில் இருந்தார்கள். பக்கத்தில் இருந்த புதுக்குடி ஊர்மக்கள், தங்கள் ஊரும் வெள்ளத்தில் தவித்துக்கொண்டிருக்கும்போதே, அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். அந்த ஊர்க்காரர்களிடம் போய் உங்கள் அன்பைவிட எங்கள் அன்பு உயர்ந்தது என்று நான் சொன்னால் என்னைவிட அற்பமானவள் இருக்க முடியாது.

அன்பு நமக்கு மட்டும் எழுதி வைத்த சொத்து என்று வேதம் எங்கேயும் சொல்லவில்லை. சமாரியன் கதையே அதற்கு எதிரானது. நான் செய்வதை யாருக்கு நன்றியாகச் செய்கிறேன் என்பதுதான் எனக்குச் சொல்ல இருக்கிற செய்தி. அதைப் போட்டி வைத்து நிரூபிக்க வேண்டியதில்லை.

ஆதித் திருச்சபை இப்படித்தான் வளர்ந்தது என்கிறார்களே, உண்மையா?

பெரும் பங்கு உண்டு என்று சொல்லலாம். கி.பி. 250-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரோமப் பேரரசில் கொடிய கொள்ளைநோய் பரவியது. அலெக்சாந்திரியாவின் பேராயர் தியோனீசியு எழுதிய கடிதம் ஒன்று எஞ்சியிருக்கிறது. நோய் கண்டவர்களை மற்றவர்கள் தெருவில் தள்ளிவிட்டு ஓடியபோது, விசுவாசிகள் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டு, அந்த நோய் வந்தே பலர் செத்துப் போனார்கள் என்று எழுதுகிறார். கார்த்தேஜில் பேராயர் சிப்ரியான், நம்மைத் துன்பப்படுத்துகிறவர்களையும் சேர்த்துக் கவனியுங்கள் என்று தன் சபையாருக்குப் போதித்தார்.

தியோனீசியு நம்மவர், அதனால் கொஞ்சம் தூக்கித்தான் சொல்லியிருப்பார் என்று வைத்துக்கொள்வோம். எனக்குப் பிடித்த சாட்சி எதிராளியின் சாட்சி. கி.பி. 361 முதல் 363 வரை ஆண்ட பேரரசன் ஜூலியன் கிறிஸ்தவத்தை விட்டுப் பழைய தெய்வங்களுக்குத் திரும்பியவன். கலாத்தியாவில் இருந்த தன் தலைமைப் பூசாரிக்கு அவன் எழுதிய கடிதத்தில், இந்தக் கலிலேயர் (கிறிஸ்தவர்களை அவன் அப்படித்தான் அழைப்பான்) தங்கள் ஏழைகளை மட்டுமல்லாமல் நம் ஏழைகளையும் சேர்த்துப் போஷிக்கிறார்கள், நாம் நம்மவர்களைக் கைவிட்டிருக்கிறோம் என்று எரிச்சலோடு எழுதுகிறான். ஒவ்வொரு ஊரிலும் சத்திரம் கட்டச் சொல்கிறான். பகைவனுக்கே பார்த்துச் செய்யத் தோன்றியிருக்கிறது!

அந்த ஆதி விசுவாசிகளில் பலர் அடிமைகள், கைவினைஞர்கள், விதவைகள். பெயர்கூட நமக்குத் தெரியாது.

கையில் பணமே இல்லை. என்ன செய்ய முடியும்?

மிசோரம் சபைகளில் 1910 முதல் ஒரு வழக்கம் இருக்கிறது. சோறு வைக்க அரிசி எடுக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு கைப்பிடியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். அதைச் சேர்த்து விற்ற பணத்தில் எத்தனையோ ஊழியங்கள் நடக்கின்றன. எங்கள் பக்கத்துக் கிராமச் சபைகளிலும் பிடியரிசி உண்டு. ஏழை வீட்டாலும் முடியும் என்பதுதான் அதில் விசேஷம்.

அரிசியும் இல்லையென்றால் நேரம் இருக்கும். தனியாக இருக்கும் பெரியவருக்கு ரேஷன் கடையில் வரிசை பிடிக்கலாம், ஆதார் திருத்தத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கலாம், வெளிநாட்டில் இருக்கும் அவருடைய மகனுக்கு வீடியோ கால் போட்டுக் கொடுக்கலாம். கத்தோலிக்க நண்பர்களின் வின்சென்ட் தே பால் சபை 1833-ல் பாரிஸில் சில மாணவர்கள் தொடங்கியது. கஷ்டப்படுகிற வீட்டுக்கு நேரில் போய் உட்கார்ந்து பேசுவது அவர்களுடைய முக்கியமான வழக்கம். பொருளை ஆள் மூலம் கொடுத்து அனுப்பினால் அந்தப் பேச்சு போய்விடும்.

வேலை பார்க்கும் இடத்தில், வீட்டில் எப்படி?

இங்கேதான் நாம் அதிகமாகத் தோற்கிறோம், அதனால் கொஞ்சம் கடுமையாகவே எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஏழைகளுக்குப் போர்வை கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குத் தனித் தம்ளரில் காபி கொடுக்கிற கிறிஸ்தவ வீடுகள் இருக்கின்றன. அந்த அம்மாதான் தெரு முழுக்கப் போகிறவர். நம்மைப் பற்றிய சுவிசேஷத்தை எழுதுவது அவர். லீவு எடுத்த நாளுக்குச் சம்பளம் பிடிப்பது, அட்வான்ஸ் கேட்டால் முகம் சுளிப்பது, எல்லாம் அதில் ஒரு வசனம்.

சாதியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெளியாருக்குக் காட்டும் அன்பு பெண் பார்க்கும்போது எங்கே போகிறது? கல்யாண விளம்பரத்தில் ‘இரட்சிக்கப்பட்ட’ என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயரையும் அச்சடிக்கிறோம். இதைப் படிக்கிற இந்து நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார்: “இரட்சிப்பு இதுக்கு முன்னாடியா, பின்னாடியா டீச்சர்?” என்னிடம் பதில் இல்லை.

அலுவலகத்தில் என்றால், வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுங்கள், இல்லாத ஆளைப் பற்றிப் பேசுகிற கூட்டத்தில் சேராதீர்கள், அடுத்தவர் செய்த வேலைக்கு நீங்கள் பெயர் வாங்காதீர்கள். மேஜையில் வசன ஸ்டிக்கர் ஒட்டுவது அப்புறம்.

செய்கிற உதவியைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைக்கலாமா?

வேண்டாம். மத்தேயு 6:3-ல் வலது கை செய்வதை இடது கைகூட அறியக் கூடாது என்றிருக்கிறது. இடது கையில் செல்போன் இருந்தால் எப்படி? கணக்குக் காட்ட வேண்டிய சபை நிதி என்றால் அரிசி மூட்டையைப் படம் எடுங்கள், வாங்குகிறவர் முகத்தை விட்டுவிடுங்கள். ‘உங்கள் வெளிச்சம் பிரகாசிக்கக்கடவது’ என்று 5:16 சொல்கிறதே என்பார்கள். விளக்கு சும்மா எரியும், தன்னைத் தானே படம் எடுக்காது.

உதவி வாங்கிக்கொண்டு ஏமாற்றுகிறார்களே?

ஏமாற்றுவார்கள். மகளுக்கு ஃபீஸ் என்று வாங்கிப் போன பணம் டாஸ்மாக்குக்குப் போனது எனக்கும் நடந்திருக்கிறது. இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு நான் பணமாகக் கொடுப்பதைக் குறைத்துவிட்டேன். ஃபீஸ் என்றால் பள்ளிக்கூடத்திலேயே போய்க் கட்டுவேன், மருந்துச் சீட்டு என்றால் கடையில் வாங்கிக் கொடுப்பேன். அன்புக்குக் கண் இருக்கலாம், தப்பில்லை. அடித்துத் துன்புறுத்துகிற வீடு, கந்துவட்டிக்காரர் தொல்லை இப்படிப்பட்ட விஷயமென்றால் தனியாக இறங்காதீர்கள். பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098 என்ற உதவி எண்கள் இருக்கின்றன. ஜெபக் குறிப்பாக மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

எத்தனையோ வருடமாகச் செய்கிறேன். ஒருவரும் சபைக்கு வரவில்லை. தோல்விதானா?

பக்கத்து வீட்டு அக்கா இன்றைக்கும் முருகன் பக்தைதான். சஷ்டிக்குத் திருச்செந்தூர் போய் விரதம் இருப்பார். எனக்கு மூட்டு மாற்று அறுவை நடந்தபோது, மூன்று வாரம் என்னைக் கைத்தாங்கலாகக் குளியலறைக்குக் கூட்டிப் போனவர் அவர். ராத்திரி எனக்கு வலி தாங்கவில்லை என்றால், “உங்க யேசப்பாகிட்ட சொல்லுங்க டீச்சர், நானும் முருகன்கிட்ட சொல்றேன்” என்பார். அவர் இயேசுவை அறிய வேண்டும் என்று நான் இன்றும் ஜெபிக்கிறேன். அதை மறைக்கவில்லை, அவருக்கும் தெரியும். ஆனால் அவர் பெயரை ‘கனி இல்லை’ என்ற பட்டியலில் எழுத என் கை வராது.

அசனத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிடலாமா?

தாராளமாக. எங்கள் ஊர்ப் பக்கம் அசனம் என்றால் ஊருக்கே சாப்பாடு. சில ஊரில் கறி, சில ஊரில் சாம்பார். பணக்காரர், ஏழை எல்லாரும் ஒரே பந்தியில் உட்காருவார்கள், யாரையும் எந்தக் கோயில் என்று கேட்பதில்லை. முந்தின நாள் ராத்திரி காய் நறுக்கவே கூப்பிடுங்கள், சாப்பிட மட்டும் கூப்பிடுவதைவிட அதில்தான் பேச்சு நன்றாக ஓடும். வீட்டில் இருக்கிற பெரியவர்களுக்கு எடுத்துப் போக வாளி கொண்டுவரச் சொல்லுங்கள். சிறிய வாளியாகக் கொண்டு வந்தால், பெரியதாக எடுத்து வாருங்கள் என்று திருப்பி அனுப்புங்கள்.